ரோடு அகலமானால் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் எப்படிப் போகும்?

கோவை நீலாம்பூர் – மதுக்கரை பை-பாஸை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சாலைக்கு இந்தப் பக்கம் கிணறும் நாற்பது தென்னையும். அந்தப் பக்கம் முக்கால் ஏக்கரில் மாட்டுக்குச் சோளத்தட்டும் கொஞ்சம் தக்காளியும். சாலைக்கு அடியில் போகும் மூன்று அங்குலக் குழாய்தான் இரண்டையும் ஒரே தோட்டமாக வைத்திருக்கிறது. அவருடைய அப்பா காலத்தில் போட்டது. அதற்கு எந்தக் காகிதமும் இல்லை.

அளவெடுக்க வந்தவர்கள் தென்னை வரிசைக்கு நடுவே பெயின்டில் குறி போட்டுவிட்டுப் போனார்களாம். வாசகரின் தாயார் அவர்களிடம், "ஏனுங்க, ரோடு இத்தனை தூரம் உள்ள வந்தா அந்தப் பக்கத்துக்குத் தண்ணி எப்படிங்க போகும்?" என்று கேட்டிருக்கிறார். "அதெல்லாம் ரோடு போடறவங்க பாத்துக்குவாங்கம்மா" என்று பதில் வந்திருக்கிறது. கடிதத்தில் வாசகர் கேட்டிருப்பது வேறு: சென்டுக்கு எவ்வளவு கிடைக்கும்?

பணத்தைப் பற்றிக் கேட்பதில் தவறில்லை. அதற்கான பதில் கீழே இருக்கிறது. ஆனால் தாயாரின் கேள்விதான் முதலில் பார்க்க வேண்டியது. எடுக்கப்படும் நிலத்துக்கு ஒருமுறை பணம் வரும். எஞ்சிய நிலத்துக்குத் தண்ணீர் வராமலோ, வந்த தண்ணீர் வடியாமலோ போனால் அந்த நஷ்டம் ஒவ்வொரு போகத்திலும் வரும். ரோடு போடுகிறவர்கள் அதைத் தாமாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட முடியாது. வரைபடத்தில் இருப்பதைத்தான் அவர்கள் கட்டுவார்கள்.

இந்த பை-பாஸ் 28 கிலோமீட்டர். 1990-களின் இறுதியில் தனியார் முதலீட்டில், வண்டிகளிடம் கட்டணம் வசூலித்துக்கொள்ளும் ஒப்பந்தத்தில் போட்டது. சேலம் – கொச்சி நெடுஞ்சாலையில் வரும் லாரிகள் கோவைக்குள் நுழையாமல் கிழக்கும் தெற்குமாகச் சுற்றிப் போவதற்கான வழி. அவிநாசி சாலையில் நீலாம்பூரில் பிரிந்து, திருச்சி சாலையையும் நொய்யலையும் கடந்து, ஈச்சனாரி அருகே பொள்ளாச்சி சாலையையும் தாண்டி, மதுக்கரையில் பாலக்காடு சாலையைப் பிடிக்கிறது. போட்ட காலத்தில் ஊருக்கு வெளியே கிடந்த சாலை. இன்று இரண்டு பக்கமும் வீட்டு மனை, குடோன், பட்டறை. சாலை மட்டும் இன்னும் இருவழிதான். நடுவில் தடுப்பு கிடையாது. லாரியை முந்தப் போய் எதிரே வருகிற வண்டியில் மோதுவது இங்கே புதிய செய்தியே அல்ல. அதிகாலையில் மொபெட்டில் பால் கேன் கட்டிக்கொண்டோ, சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குக் காய் ஏற்றிக்கொண்டோ இதில் போகிறவர்களுக்கு மற்றவர்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்குப் பக்கம் மைல்கல்லில் தொடங்கி நரசிம்மநாயக்கன்பாளையம் வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு மாநில நெடுஞ்சாலைத் துறையின் மேற்குப் புறவழிச்சாலையும் வந்துவிட்டால் வட்டத்தின் பெரும்பகுதி கூடிவிடும். பை-பாஸில் வண்டி இன்னும் ஏறும். அதனால் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் இதை ஆறுவழியாக்கத் திட்டமிடுவதில் வியப்பில்லை. வேண்டும் என்றே பெரும்பாலான விவசாயிகளும் சொல்வார்கள்.

இனி தண்ணீர். நெடுஞ்சாலை என்பது மண்ணை உயர்த்திப் போட்ட ஒரு நீண்ட கரை. ஏரிக்கரைக்கும் அதற்கும் ஒரே வேறுபாடு, ஏரிக்கரையில் மதகு எங்கே வைப்பது என்பதைத் தண்ணீர் தெரிந்தவர்கள் முடிவு செய்தார்கள். சாலையில் பள்ளம் குறுக்கிடும் இடத்தில் ஒரு சிறுபாலமோ குழாய்ப்பாலமோ வைக்கிறார்கள். அளவெடுக்க வருவது பெரும்பாலும் வெயில் காலத்தில். அப்போது காய்ந்து கிடக்கும் ஓடை, வேலி ஓரத்துப் பள்ளம் போலத்தான் தெரியும். ஐப்பசி மழையில் அதில் முழங்கால் தண்ணீர் ஓடும் என்பது அந்தத் தோட்டத்துக்காரருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

சாலை அகலமாகும்போது பழைய குழாய்ப்பாலத்தைப் பெரும்பாலும் இரண்டு பக்கமும் நீட்டிவிடுவார்கள். இருவழிச் சாலைக்கு 12, 15 மீட்டர் நீளத்தில் இருந்த குழாய், ஆறு வழியும் இருபுற சர்வீஸ் ரோடும் வந்தால் 45 மீட்டரைத் தாண்டும். இருநூறுக்கு ஒன்று என்று சரிவு கொடுத்தாலும் 45 மீட்டரில் 22 சென்டிமீட்டர் இறங்கியாக வேண்டும். வெளியே உள்ள வாய்க்கால் அவ்வளவு தாழ்வாக இல்லையென்றால் தண்ணீர் குழாய்க்குள்ளேயே தேங்கும், வண்டல் படியும். ஆள் குனிந்து உள்ளே போய்த் தூர் வார முடியாத குழாய் சில மழைக்காலத்திலேயே பாதி அடைத்துவிடும். அதற்குப் பிறகு மேட்டுப் பக்கத் தோட்டம் குட்டைதான். தென்னை சில நாள் தாங்கும். மாதக்கணக்கில் வேரடியில் ஈரம் நின்றால் மட்டை மஞ்சளாகிக் குரும்பை கொட்டும். வாழை மூன்று நாள் தேங்கிய தண்ணீரிலேயே கிழங்கு அழுக ஆரம்பிக்கும். தக்காளியும் சின்ன வெங்காயமும் அதைக்கூடத் தாங்காது. எதிர்ப் பக்கத்தில் இதற்கு நேர்மாறு. மழைத் தண்ணீர் வந்து நிரம்பிக்கொண்டிருந்த குட்டைக்கு வரத்து நின்று, அதை நம்பியிருந்த கிணறு வற்றும். இந்த இரண்டாவது நஷ்டத்தைச் சாலையோடு சேர்த்து யாரும் கணக்கு வைப்பதில்லை. "மழை குறைஞ்சு போச்சு" என்று சொல்லிக்கொண்டு போர் போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று சாலையின் பக்கவாட்டுச் சாக்கடை. தார் ரோட்டில் விழும் மழை மண்ணுக்குள் இறங்காது, அத்தனையும் ஓடும். அது எங்கே போய்ச் சேருகிறது என்று வரைபடத்தில் பார்க்க வேண்டும். ஓடையில் சேர்ந்தால் நல்லது. சில இடங்களில் கோடு ஒருவருடைய காட்டின் மூலையில் வந்து நின்றுவிடும். அந்தக் காட்டுக்காரர் அதை முதல் மழையன்றுதான் அறிவார்.

கடிதம் எழுதிய வாசகரின் குழாய் இதைவிடச் சிக்கலானது. தேசிய நெடுஞ்சாலைக்கு அடியில் குழாயோ கேபிளோ கொண்டுபோக ஆணையத்தின் அனுமதி வேண்டும். மின்வாரியக் கேபிளும் குடிநீர்க் குழாயும் அந்தந்தத் துறையின் பதிவில் இருப்பதால் வேலைக்கு முன் மாற்றிக் கொடுக்கப்படும். அப்பா காலத்துக் குழாய் எந்தப் பதிவிலும் இல்லை. ஜேசிபி தோண்டும்போது அது வெறும் உடைந்த பிளாஸ்டிக். சாலை முடிந்த பிறகு குறுக்கே குழாய் போட அனுமதி வாங்கிப் பக்கவாட்டில் துளைத்துக் கொண்டுபோகும் செலவு முக்கால் ஏக்கர் தக்காளிக்குக் கட்டுப்படியாகாது. மண் கொட்டும்போதே பெரிய விட்டத்தில் ஒரு வெற்றுக் குழாயை உறைபோலப் பதித்துவிட்டால், அதற்குள் விவசாயக் குழாயைச் சொருகிக்கொள்ளலாம். பழுதானால் உருவி மாற்றலாம். திட்டம் தயாராகும்போது கேட்டால் அது ஒரு வரி வேலை. நாலைந்து தோட்டத்துக்குச் சேர்த்து ஓர் உறைக் குழாய் என்று கேட்பது இன்னும் எளிது.

கடக்கும் வழியும் அப்படித்தான். இன்று இருவழிச் சாலையில் வண்டி ஓய்ந்த நேரம் பார்த்து மாட்டை ஓட்டிக்கொண்டு குறுக்கே போய்விடலாம். நடுத்தடுப்பு வந்தபின் அது முடியாது. சுரங்கப்பாதை எங்கே வருகிறது, எத்தனை உயரம் என்று கேட்க வேண்டும். பெரிய வண்டிகளுக்கானது 5.5 மீட்டர் உயரம், சிறிய வண்டிகளுக்கானது 4 மீட்டர் என்பது பொதுவான அளவு. சோளத்தட்டு லோடு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரை ஒருமுறை டேப் வைத்து அளந்து பார்த்தால் எது வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் எங்கே, எப்போது சொல்வது? 100 கிலோமீட்டருக்குக் குறைவான தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி அனுமதி தேவையில்லை. அதனால் மாவட்ட ஆட்சியர் தலைமையில் நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டமும் 28 கிலோமீட்டர் சாலைக்கு வராது. 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க ஆய்வும் தேசிய நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது. சட்டப்படி மீதமிருப்பது 1956-ம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3சி பிரிவு தரும் 21 நாள் மட்டும்.

எந்தெந்த சர்வே நம்பரில் எவ்வளவு நிலம் தேவை என்று 3ஏ பிரிவின் கீழ் அரசிதழில் அறிவிக்கை வரும். அதன் விவரம் இரண்டு நாளிதழ்களில் வெளியாகும். ஒன்று தமிழில் இருக்க வேண்டும். அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாளுக்குள் நில எடுப்பு அலுவலருக்கு எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். வழக்கமாக அவர் சிறப்பு மாவட்ட வருவாய் அலுவலர். மனு கொடுத்தவரை அவர் நேரில் விசாரித்தாக வேண்டும். வீட்டுக்குக் கடிதம் வரும் என்று காத்திருந்தவர்களுக்கு 21 நாளும் செய்தித்தாளிலேயே கழிந்துவிடும். பத்திரிகை வாங்காத வீடுகள் கிராம நிர்வாக அலுவலரிடம் அவ்வப்போது விசாரித்துக்கொள்வது நல்லது.

மனுவில் "நிலம் தர மாட்டேன்" என்று மட்டும் எழுதினால், பொது நோக்கத்துக்குத் தேவை என்ற ஒரே வரியில் தள்ளுபடி ஆகும். புலப்பட நகலில் ஓடை வரும் திசை, கிணறு, குழாய் குறுக்கிடும் இடம், வண்டிப்பாதை எல்லாவற்றையும் சிவப்பு மையில் குறித்து இணைத்தால், அதற்குப் பதில் எழுத அலுவலர் பொறியாளரைக் கேட்டாக வேண்டும். கிராம வரைபடத்தில் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால் அதன் நகல் இன்னும் வலு. மழை பெய்யும்போது தண்ணீர் போகும் வழியைச் செல்போனில் தேதியோடு படம் எடுத்து வைத்தால், வெயில் காலத்தில் அளந்தவருக்கு அதைக் காட்டலாம். அதே மனுவின் நகலை ஆணையத்தின் திட்ட இயக்குநர் அலுவலகத்துக்கும் அனுப்ப வேண்டும். வரைபடத்தைத் திருத்தும் இடம் அதுதான். ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் தீர்மானமாகவும், பேரூராட்சியாக இருந்தால் மன்றத்தின் மூலமாகவும் போகட்டும். தனி ஆளின் குழாயைவிட ஊரின் ஓடைக்கு மதிப்பு அதிகம். 3ஏ வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றும் இல்லை. திட்ட அறிக்கை தயாராகிக்கொண்டிருக்கும் காலத்தில் கொடுக்கும் மனுவுக்குத்தான் பலன் அதிகம். குறி போட்டுப் போன இடங்களில் அதை இப்போதே கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. மேற்குப் புறவழிச்சாலை மாநிலத் துறையுடையது. அங்கே 2001-ம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் பேசும். நோட்டீஸில் எந்தச் சட்டம் என்று பார்க்காமல் பக்கத்து ஊர்க்காரரின் மனுவை நகல் எடுத்துக் கொடுப்பது வீண்.

இனி பணம். இழப்பீட்டுக் கணக்குக்கு 2013-ம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணைதான் அடிப்படை. அரசு வழிகாட்டி மதிப்பு ஒன்று. அருகில் இதேபோன்ற நிலத்துக்கு முந்தைய மூன்று ஆண்டில் பதிவான கிரயங்களில், அதிக விலையுள்ள பாதியை எடுத்து அவற்றின் சராசரி மற்றொன்று. இரண்டில் எது அதிகமோ அது சந்தை மதிப்பு. நகர்ப்புறமானால் அதை 1-ஆல் பெருக்குவார்கள். கிராமப்புறமானால் நகரத்திலிருந்து உள்ள தூரத்தைப் பொறுத்து 1 முதல் 2 வரை. அதோடு மரம், கிணறு, கட்டடம் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டி, வரும் தொகைக்குச் சமமாக ஆறுதல் தொகை. உதாரணமாக, சந்தை மதிப்பு 10 லட்சம், மரமும் கிணறும் 2 லட்சம், பெருக்கும் எண் 1.25 என்று வைத்தால், 12.5 லட்சமும் 2 லட்சமும் சேர்ந்து 14.5 லட்சம், ஆறுதல் தொகையோடு 29 லட்சம். இது போக, 3ஏ அறிவிக்கை நாளிலிருந்து கணக்கிட்டுச் சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12 சதவீதம்.

இந்தக் கணக்கில் ஊரே சேர்ந்து செய்த ஒரு பழைய வேலை வெளியே வரும். பத்திரச் செலவை மிச்சம் பிடிக்க, கொடுத்த விலையைக் காட்டாமல் வழிகாட்டி மதிப்புக்கே கிரயம் பதிவது வழக்கம். விற்றவரும் வாங்கியவரும் திருப்தியாகப் போனார்கள். இப்போது சராசரி எடுக்கும்போது அந்தப் பத்திரங்கள்தான் சாட்சிக்கு நிற்கின்றன. சென்டுக்கு ஐந்து லட்சம் போகிற ஊரில் காகிதம் ஒன்றரை லட்சம் என்கிறது. மூன்று ஆண்டில் உண்மை விலைக்குப் பதிவான பத்திரம் ஒன்றிரண்டாவது இருக்கும். வங்கிக் கடனில் வாங்கியவை பெரும்பாலும் அப்படி இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அவற்றைத் தேடி நகல் வாங்கி, 3ஜி பிரிவின் கீழ் கோரிக்கை கேட்கும் நோட்டீஸ் வரும்போது இணைக்க வேண்டும்.

மரமும் கிணறும் ஆறுதல் தொகையில் இரட்டிப்பாகும் என்பதால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். தென்னைக்கு வயதும் காய்ப்பும் சேர்த்துத்தான் மதிப்பு. மரத்துக்கு எண் எழுதிப் படம் எடுத்து, கிணற்றின் ஆழம், கட்டுமானம், போர், சொட்டுநீர்க் குழாயின் நீளம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, மதிப்பிட வருகிறவர் முன் வைக்கலாம். அடங்கலில் தென்னை என்று பதிவாகாமல் தரிசு என்று கிடந்தால் இப்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லித் திருத்த வேண்டும். நிலம் துண்டாவதால் எஞ்சிய பகுதிக்கு வரும் நஷ்டத்தையும் கணக்கில் எடுக்க 3ஜி பிரிவே சொல்கிறது. கேட்காதவருக்கு அது வருவதில்லை. கடிதம் எழுதியவரின் முக்கால் ஏக்கர் அதற்கு நேர் உதாரணம். குழாய்க்கு வழி கிடைக்காவிட்டால், தண்ணீர் அற்றுப்போன நிலம் என்று அதற்குத் தனியாகக் கோரலாம். தொகை குறைவு என்று பட்டால் பணத்தை ஆட்சேபத்துடன் பெறுவதாக எழுதி வாங்கிக்கொண்டு, 3ஜி(5) பிரிவின் கீழ் நடுவரிடம் போகலாம். தமிழ்நாட்டில் அந்த நடுவர் மாவட்ட ஆட்சியர்.

இதையொட்டி வந்த வேறு இரண்டு கேள்விகள்.

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது, பங்காளிகள் ஐந்து பேர். பணம் யாருக்கு வரும் என்று வெள்ளலூர் பக்கத்து வாசகர் கேட்கிறார். ஐவரும் ஒத்துப்போனால் வாரிசுச் சான்றும் பாகப் பிரிவினைப் பத்திரமும் வைத்துத் தனிப்பட்டா வாங்கிவிடலாம். அறிவிக்கைக்கு முன் முடித்தால் அவரவர் பெயரிலேயே வரும். ஒத்துப்போகாவிட்டால் பங்கு பற்றிய தகராறை அலுவலர் சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார், பணம் அங்கே கிடக்கும். நிலம் மட்டும் காத்திருக்காது; நோட்டீஸ் கிடைத்து 60 நாளில் ஒப்படைக்க வேண்டும். வரப்புத் தகராறை இந்த ஒரு வருஷத்துக்காவது ஒத்திவைத்து ஐந்து பேரும் ஒரே திண்ணையில் உட்காருவது லாபம்.

சாலைக்கு மண் வேண்டும், காட்டில் மூன்று அடி எடுத்துக்கொண்டு சமப்படுத்தித் தருகிறோம் என்று ஆட்கள் வருகிறார்கள், கொடுக்கலாமா என்பது செட்டிபாளையம் வாசகரின் கேள்வி. பயிருக்குச் சோறு போடுவது மேல்மண் அரை அடிதான். மூன்று அடி போனால் மீதி இருப்பது சுண்ணாம்புப் பாறையும் சரளையும். எத்தனை லோடு எரு அடித்தாலும் பழைய விளைச்சலுக்கு வர ஆண்டுக்கணக்காகும். பக்கத்துக் காட்டைவிடத் தாழ்ந்துபோவதால் ஊர்த் தண்ணீரும் அங்கேதான் வந்து நிற்கும். மேடான, விளையாத மூலை ஒன்று இருந்து அதைச் சமப்படுத்த வேண்டியிருந்தால் மட்டும் யோசிக்கலாம். அப்போதும் மேல்மண்ணைத் தனியே ஒதுக்கி வைத்து மீண்டும் பரப்ப வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும். மண் சிறு கனிமம்; கனிமவளத் துறையின் அனுமதி இல்லாமல் எடுத்தால் வழக்கு பட்டாதாரர் மேலும் வரும். வண்டி காட்டுக்குள் இறங்கும் முன் அனுமதிச் சீட்டில் சர்வே நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.